அமைதியான மூச்சு: கீட்ஸின் 33 வரிகளோடு வாழ்வது

அழகான ஒரு பொருள் என்றென்றைக்கும் இன்பம் என்று ஆங்கிலக் கவிஞர் ஜான் கீட்ஸ் எழுதிய வரி காபிக் கோப்பையிலும் வாழ்த்து அட்டையிலும் அச்சாகி விற்பனைக்கு வருகிறது. அந்த ஒரு வரியோடு நின்றுவிடுகிறவர்கள்தான் அதிகம். அது 4,050 வரி நீளமுள்ள ‘எண்டிமியன்’ என்ற கதைக் கவிதையின் முதல் வரி. கதை தொடங்குவதற்கு முன்பு, அழகு ஏன் நம்மோடு தங்குகிறது என்று கீட்ஸ் யோசித்துப் பார்க்கும் பகுதி 33 வரிகள் ஓடுகிறது. அந்த 33 வரியும் எனக்கு மனப்பாடம். நான் இலக்கியம் படித்தவள் இல்லை. லண்டனில் ஒரு மருத்துவமனையின் நுரையீரல் வார்டில் செவிலியர். கவிதை என் வேலைக்குள் எப்படி வந்து தங்கியது, அதைத் தங்கவைக்க என்னென்ன செய்தேன் என்று எழுதினால் வேறு யாருக்காவது உதவும் என்று தோன்றியது.

சென்னையில் அக்கா மகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு சி.பி.எஸ்.இ. ஆங்கிலப் பாடத்தில் இந்தப் பகுதி இருந்தது. ஒருநாள் போனில், “சித்தி, நீங்க லண்டன்லதானே இருக்கீங்க, இந்த கீட்ஸ் யாருன்னு கொஞ்சம் சொல்லுங்களேன். நோட்ஸ்ல எல்லாமே ஒரே மாதிரி இருக்கு” என்றாள். புத்தகப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். இரவு வேலைக்குப் போகும் பேருந்தில் அதைப் படித்தேன்.

ஐந்தாவது வரியில் நின்றுவிட்டேன். அழகான பொருள் நமக்கு என்னென்ன தரும் என்று கீட்ஸ் அங்கே வரிசையாகச் சொல்கிறார்: ஒதுங்க ஓர் அமைதியான கொடிவீடு, இனிய கனவுகள் நிறைந்த தூக்கம், உடல்நலம், கடைசியாக அமைதியான மூச்சு. கவிஞர்கள் அழகைப் பற்றி எத்தனையோ சொல்வார்கள். மூச்சு சீராக வருவதை அழகின் பலனாக எழுதியவரை நான் அதற்கு முன் படித்ததில்லை. எங்கள் வார்டில் எல்லாரும் கேட்பது அது ஒன்றைத்தான். நல்ல உடல்நிலையில் இருக்கும் பெரியவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சுவிடுவார். எங்கள் நோயாளிகளில் பலர் கட்டில் ஓரத்தில் குனிந்து உட்கார்ந்து, முழங்காலில் கையை ஊன்றி, 30 தடவை இழுத்தும் போதாமல் தவிப்பார்கள். இரவு இரண்டு மணிக்கு ஒருவருடைய மூச்சு மெல்ல இறங்கிச் சீராகும்போது எனக்குள் ஏற்படும் நிம்மதிக்கு இந்த மனிதர் வார்த்தை வைத்திருக்கிறாரே, இவர் யார் என்று தேட ஆரம்பித்தேன்.

கிடைத்த பதில் எனக்கு மிகவும் நெருக்கமானதாக இருந்தது. கீட்ஸ் மருத்துவம் படித்தவர். 1815 அக்டோபரில் லண்டன் பாலத்துக்குத் தெற்கே உள்ள கைஸ் மருத்துவமனையில் மாணவராகச் சேர்ந்தார். அடுத்த மார்ச்சில் அறுவை மருத்துவருக்குக் கட்டுப் போடும் உதவியாளர் ஆனார். மயக்க மருந்து வருவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய காலம் அது. விழித்திருக்கும் நோயாளியின் காலை அறுத்து எடுப்பார்கள். பிடித்துக்கொள்வதும், பிறகு சீழ் துடைத்துக் கட்டு மாற்றுவதும் அந்த உதவியாளர்களின் வேலை. 1816 ஜூலையில் தேர்வில் தேறி, மருந்தாளராகத் தொழில் செய்ய உரிமம் பெற்றார். அதை வைத்துக்கொண்டு பிழைத்திருக்கலாம். கவிதை எழுதப் போனார்.

‘எண்டிமியன்’ தொடங்கியது 1817 ஏப்ரலில். அவருக்கு அப்போது 21 வயது. அம்மா காசநோயில் இறந்து ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன. தம்பி டாமுக்கும் உடல்நிலை சரியில்லை. 1818 டிசம்பர் 1 அன்று டாம் அதே நோயில் இறந்தபோது வயது 19. பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டவர் கீட்ஸ்தான். 1820 பிப்ரவரியில் ஒரு குளிர் இரவில் கீட்ஸே இருமி, படுக்கைத் துணியில் விழுந்த துளியை மெழுகுவத்தி கொண்டுவரச் சொல்லிப் பார்த்தார். இந்த ரத்தத்தின் நிறம் எனக்குத் தெரியும், இது தமனி ரத்தம், இந்தத் துளிதான் என் மரண உத்தரவு என்று நண்பர் சார்ல்ஸ் பிரவுனிடம் சொன்னார். 1821 பிப்ரவரி 23 அன்று ரோம் நகரில் இறந்தார். 25 வயது. ஐந்தாவது வரியில் மூச்சு வருவது தற்செயல் என்று இதற்குப் பிறகு என்னால் நினைக்க முடியவில்லை.

தூக்கமும் அப்படித்தான். கவிதையைத் தொடங்க ஐல் ஆஃப் வைட் தீவுக்குத் தனியாகப் போனவர், அங்கே ஓயாமல் கவிதையையே நினைத்து நினைத்து இரவில் தூங்க முடியவில்லை என்று நண்பர் லீ ஹண்ட்டுக்கு மே மாதம் கடிதம் எழுதியிருக்கிறார். இரவு வேலை முடிந்து பகலில் கண்ணை மூடியும் தூக்கம் வராமல் கிடப்பவர்களுக்கு இந்தச் செய்தி எவ்வளவு ஆறுதல் என்று சொல்லத் தேவையில்லை. இனிய கனவுத் தூக்கத்தைப் பற்றி எழுதியவர் அது இல்லாமல் கிடந்தவர்.

இதையெல்லாம் அக்கா மகளிடம் சொன்னபோது, “இதெல்லாம் நோட்ஸ்ல இல்லையே சித்தி” என்றாள். பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கொஞ்சம் கொஞ்சமாக இருவரும் சேர்ந்து படித்தோம். அப்போது கண்டுபிடித்த சில வழிகளை இங்கே சொல்கிறேன்.

முதலாவது, வரி முடியும் இடத்தில் நிற்காமல் வாக்கியம் முடியும் இடத்தில் நிற்க வேண்டும். இந்தக் கவிதை இரண்டிரண்டு வரிகளாக எதுகைபோல் கடைசி ஒலி ஒத்து வரும்படி எழுதப்பட்டது. பள்ளிக்கூடப் பழக்கத்தில் ஒவ்வொரு வரிக் கடைசியிலும் குரலை இறக்கினால் பொருள் துண்டு துண்டாகிவிடும். முதல் வாக்கியமே ஐந்து வரி ஓடுகிறது. அடுத்தது அதைவிட நீளம். 1818இல் ‘குவார்ட்டர்லி ரிவ்யூ’ இதழில் குரோக்கர் என்ற விமர்சகர் கீட்ஸைக் கடுமையாகத் தாக்கியபோது சொன்ன குறைகளில் இதுவும் ஒன்று: இரண்டு வரிக்குள் ஒரு கருத்து முழுமையாக அடங்கும் இடம் இந்தப் புத்தகத்தில் அனேகமாக இல்லை என்றார். அவர் குறையாகச் சொன்னதுதான் எனக்கு இந்தக் கவிதையில் மிகவும் பிடித்தது. பென்சிலால் முற்றுப்புள்ளி வரும் இடங்களில் மட்டும் ஒரு கோடு போட்டுக்கொண்டு, காற்புள்ளியில் லேசாக மூச்சு வாங்கி, சத்தமாக வாசியுங்கள். ஐந்து வரியைப் பதறாமல் சொல்லி, மூச்சைப் பற்றிய அந்தச் சொல்லில் வந்து முடிக்கும்போது நம் மூச்சும் நிதானமாகியிருக்கும். கண்ணால் மட்டும் படித்தால் இது நடக்காது.

மனப்பாடத்துக்குத் தனியாக நேரம் ஒதுக்கவில்லை. மருத்துவமனையில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை கை கழுவுகிறோம் என்று கணக்கே கிடையாது. சோப்பும் தண்ணீரும் கொண்டு முறையாகக் கழுவ 40 முதல் 60 விநாடி ஆக வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். முதல் வாக்கியத்தை மனதுக்குள் நிதானமாக இரண்டு தடவை சொன்னால் கிட்டத்தட்ட அந்த நேரம் வந்துவிடும். முதல் வாக்கியம் பழகியதும் அடுத்த வாக்கியத்தைச் சேர்த்துக்கொண்டேன். அக்கா மகள் மாடிப்படி ஏறும்போது சொல்வாள். கையும் காலும் ஏதாவது செய்துகொண்டிருக்கும்போது சொன்ன வரிகள் எனக்கு மறக்கவில்லை. உட்கார்ந்து உருப்போட்டவை போய்விட்டன.

அவள் கேட்ட ஒரு கேள்வியால்தான் இந்தக் கவிதை எனக்கு முழுவதும் திறந்தது. “சித்தி, சூரியன், சந்திரன், மரம்னு அழகா போயிட்டிருக்கும்போது நடுவுல செம்மறி ஆடு எதுக்கு வருது?”

நல்ல கேள்வி. எண்டிமியன் கிரேக்கக் கதையில் வரும் மேய்ப்பர் தலைவன், அதனால் ஆடு வருகிறது என்று ஒரு பதில் உண்டு. ஆனால் அந்தப் பட்டியலைத் திரும்பவும் மெதுவாகப் படித்தபோது வேறொன்று தெரிந்தது. மரங்களை கீட்ஸ் சும்மா அழகு என்று விடவில்லை. முதிய மரமும் இளைய மரமும் சூதுவாது தெரியாத ஆடுகளுக்கு நிழல் விரிக்கின்றன. டாஃபடில் பூக்கள் தனியாக வரவில்லை. அவை குடியிருக்கும் பச்சை உலகத்தோடு சேர்ந்து வருகின்றன. தெளிந்த ஓடைகள் வெயில் காலத்துக்கென்று தங்களுக்குத் தாங்களே ஒரு குளிர்ந்த மறைவைச் செய்துகொள்கின்றன. நடுக்காட்டுப் புதரில் காட்டு ரோஜா சிதறிப் பூத்திருக்கிறது. தொடக்கத்தில் வந்த கொடிவீட்டையும் சேர்த்துப் பாருங்கள். நிழல், மறைவு, புதர், வீடு: அவர் அழகு என்று எடுத்துக் காட்டுபவை பெரும்பாலும் யாரோ ஒதுங்கி இளைப்பாற இடம் தருபவை. அழகை ரசித்துவிட்டுப் போகும் காட்சியாக கீட்ஸ் பார்க்கவில்லை. உள்ளே போய் உட்காரும் இடமாகப் பார்க்கிறார். இன்பம் நீடிப்பதும் அதனால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. பார்த்துவிட்டு வந்த காட்சி மங்கிப்போகும். வெயிலுக்கு ஒதுங்கிய மரத்தடி மறப்பதில்லை.

அன்று இருவரும் ஒரு பயிற்சி வைத்துக்கொண்டோம். அவரவருக்கு அழகான பொருள்களைப் பட்டியல் எழுத வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், அது யாருக்கு நிழல் தருகிறது என்றும் எழுத வேண்டும். ‘இயற்கை’, ‘கடல்’, ‘மழை’ என்று பொதுவாக எழுதக் கூடாது. அவள் முதலில் ‘மெரினா’ என்று எழுதியிருந்தாள். எந்த இடம், எந்த நேரம், யார் அங்கே இருக்கிறார்கள் என்று கேட்கக் கேட்க, கவிழ்த்து வைத்த கட்டுமரப் படகின் நிழலில் மதியம் வலை பின்னிக்கொண்டிருப்பவர்கள் என்று வந்தது. இந்த வரி அவளுடையது. இதை அவள் மறக்க மாட்டாள். என் பட்டியலில் எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் நிற்கும் லண்டன் பிளேன் மரங்கள் இருக்கின்றன. பட்டை உரிந்து உரிந்து மஞ்சளும் சாம்பலுமாகத் தெரியும் மரம். புகை மண்டிய காலத்திலும் இந்த ஊரில் தாக்குப்பிடித்தது. ஆக்சிஜன் குழாயோடு சக்கர நாற்காலியில் வெளியே வரும் நோயாளிகளை அதன் அடியில்தான் நிறுத்துவோம்.

செவிலியர் ஒருத்தி இப்படிப் பட்டியல் போடுவது வீண்வேலை என்று நினைப்பவர்களுக்கு இரண்டு செய்திகள். ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் செவிலியருக்காக எழுதிய கையேட்டில், கண்ணுக்கு அழகான பொருள்களும் நிறங்களும் நோயாளியின் உடலையே தொடுகின்றன என்று வாதிடுகிறார். தான் காய்ச்சலில் கிடந்தபோது யாரோ அனுப்பிய காட்டுப்பூச் செண்டு வந்த நேரத்திலிருந்து வேகமாகத் தேறியதாக எழுதுகிறார். அவருடைய செவிலியர் பள்ளி 1860இல் திறந்தது செயின்ட் தாமஸ் மருத்துவமனையில். அது அப்போது கைஸ் மருத்துவமனைக்கு எதிரே, கீட்ஸ் மாணவராகத் தங்கியிருந்த அதே தெருவில் இருந்தது. இன்னொன்று, 1984இல் ரோஜர் உல்ரிச் வெளியிட்ட ஆய்வு. பென்சில்வேனியாவின் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவை செய்துகொண்டவர்களில், சன்னல் வழியே மரங்களைப் பார்த்த 23 பேரையும் செங்கல் சுவரைப் பார்த்த 23 பேரையும் ஒப்பிட்டார். மரம் பார்த்தவர்கள் சற்று முன்னதாக வீடு திரும்பினார்கள். கடுமையான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகத் தேவைப்பட்டது. சிறிய ஆய்வுதான், அதை வைத்து எல்லா நோய்க்கும் முடிவு சொல்ல முடியாது. ஆனால் சன்னல் ஓரக் கட்டில் வேண்டும் என்று ஒரு முதியவர் கேட்கும்போது, அதைச் சிறுபிள்ளைத்தனமான ஆசை என்று நான் ஒதுக்குவதில்லை.

இந்தக் கவிதையைச் சொல்லிக்கொடுப்பவர்கள் பலர் இருட்டான வரிகளை வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ஆறாம் வரியிலிருந்து அவர் சொல்வது இது: ஒவ்வொரு காலையும் நாம் ஒரு பூச்சரம் தொடுத்து நம்மை இந்த மண்ணோடு கட்டிக்கொள்கிறோம். மனச்சோர்வு இருந்தும், நல்ல மனிதர்கள் அருகிப்போயும், பொழுதுகள் இருண்டும், நாம் நடக்க நேரும் வழிகள் நோயும் இருளுமாய்க் கிடந்தும் தொடுக்கிறோம். இத்தனைக்கும் நடுவில், ஏதோ ஓர் அழகின் வடிவம் வந்து நம் மனதின் மேல் கிடக்கும் சவப்போர்வையை விலக்குகிறது. இறந்தவர் மேல் போர்த்தும் துணியைத்தான் சொல்கிறார். வார்டில் அந்தத் துணியை என் கையாலேயே போர்த்தியிருக்கிறேன். அந்த வேலை முடிந்து திரையை இழுத்துவிட்டு வெளியே வந்தால் அடுத்த கட்டிலில் ஒருவர் தண்ணீர் கேட்பார். அந்த நேரத்தில், எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லும் கவிதை எனக்கு உதவாது. சவப்போர்வையின் பெயரைச் சொல்லிவிட்டு அதன் பிறகும் பூச்சரத்தைப் பற்றிப் பேசும் கவிதைதான் கைகொடுக்கிறது.

பாடப்புத்தகத்தில் கவிதை 24ஆம் வரியோடு முடிகிறது. வானத்தின் விளிம்பிலிருந்து நமக்காகப் பொழியும் அமுத ஊற்று என்ற இடம். முடிப்பதற்கு அழகான இடம்தான். ஆனால் கீட்ஸ் அங்கே முடிக்கவில்லை. அடுத்த ஒன்பது வரிகளை மாணவர்கள் கட்டாயம் தேடிப் படிக்க வேண்டும். இன்பம் எப்படி நீடிக்கிறது என்ற கேள்விக்குப் பதில் அங்கேதான் இருக்கிறது. இவற்றை நாம் ஒரு சிறு நாழிகை உணர்ந்துவிட்டு விடுவதில்லை என்கிறார். கோயிலைச் சுற்றி நின்று சலசலக்கும் மரங்கள் சீக்கிரமே கோயிலைப் போலவே நமக்குப் பிரியமானவை ஆகிவிடுகின்றனவே, அதுபோல நிலவும் கவிதையும் நம்மை விடாமல் பின்தொடர்ந்து, கடைசியில் மனதுக்கு ஒளியாகிவிடுகின்றன. வெயிலடித்தாலும் மூட்டம் போட்டாலும் அவை நம்மோடு இருந்தாக வேண்டும், இல்லையென்றால் நாம் இறந்துபோவோம். தல விருட்சத்தை வலம் வந்து வளர்ந்த நமக்கு அந்தக் கோயில் மரத்தை விளக்க வேண்டியதே இல்லை. பிரியம் ஒரே பார்வையில் வருவதில்லை, பக்கத்திலேயே இருந்து இருந்து வருவது என்பதுதான் இந்த வரிகளின் சாரம்.

‘ஒவ்வொரு காலையும்’ என்பதை கீட்ஸ் வாய்ச்சொல்லாக விடவில்லை. 33 வரி முடிந்ததும் தன் வேலைக்கு ஒரு கால அட்டவணையே போடுகிறார். புது மொட்டுகள் விடும்போது தொடங்குகிறேன். டெய்சிப் பூக்கள் உயர்ந்த புல்லில் மறைவதற்குள் நிறைய எழுதிவிட வேண்டும். தேனீக்கள் குளோவர்ப் பூவைச் சுற்றி முரல்வதற்கு முன் கதையின் நடுப்பகுதிக்கு வந்துவிட வேண்டும். வெறுமையான குளிர்காலம் இதைப் பாதியில் பார்க்கக் கூடாது, இலையுதிர் காலத்தின் பொன் என்னைச் சுற்றி இருக்கும்போது முடிக்க வேண்டும் என்கிறார். மார்கேட், கேன்டர்பரி, ஹாம்ஸ்டெட் என்று இடம் மாறி மாறி எழுதினார். செப்டம்பரில் ஆக்ஸ்போர்டில் நண்பர் பெஞ்சமின் பெய்லியின் அறையில் மூன்றாம் பாகம். காலை உணவு முடிந்ததும் உட்கார்ந்து நாளுக்கு 50 வரி என்று அளவு வைத்து எழுதினார் என்று பெய்லி பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். முடித்தது 1817 நவம்பர் 28. சொன்ன பருவத்துக்குள்ளேயே முடித்துவிட்டார்.

முடித்த இடத்துக்கு நான் போய்வந்திருக்கிறேன். லண்டனில் இருப்பவர்கள் ஒரு விடுமுறை நாளில் போய்வரலாம். வாட்டர்லூ நிலையத்திலிருந்து டார்கிங் பாதையில் ரயில். பாக்ஸ் ஹில் அண்ட் வெஸ்ட்ஹம்பிள் நிலையத்தில் இறங்க வேண்டும். மோல் ஆற்றின் கரையில், மலையடிவாரத்தில், பர்ஃபோர்ட் பிரிட்ஜ் என்ற இடத்தில் கீட்ஸ் தங்கிய விடுதி இன்றும் ஓட்டலாக நடக்கிறது. அப்போது அதன் பெயர் ‘ஃபாக்ஸ் அண்ட் ஹவுண்ட்ஸ்’. இன்னும் 500 வரி பாக்கி, இடம் மாறினால் முடித்துவிடலாம் என்று 1817 நவம்பரில் வந்தார். வந்த அன்று மாலை நிலவைத் தேடி பாக்ஸ் ஹில் மேல் ஏறி, இறங்கிவந்து சில வரிகள் எழுதியதாக நண்பர் ரெனால்ட்ஸுக்குக் கடிதம் போட்டிருக்கிறார். எண்டிமியன் கதையே நிலவுத் தெய்வத்தைக் காதலித்துத் தேடி அலையும் மேய்ப்பனின் கதை என்பதை நினைத்துக்கொண்டு அந்தச் சரிவில் நடந்தால் நடையே வேறாக இருக்கும்.

சில குறிப்புகள். மலை 224 மீட்டர்தான். ஆனால் சுண்ணாம்புக் கல் பாதை. மழை பெய்திருந்தால் நன்றாக வழுக்கும், அடிப்பக்கம் பிடிப்புள்ள காலணி வேண்டும். ஆற்றைக் கடக்கப் படிக்கற்கள் உண்டு. தண்ணீர் ஏறியிருந்தால் அந்தப் பக்கம் போகாமல் அருகில் உள்ள நடைபாலத்தில் போய்விடுங்கள். நவம்பரில் போனால் நாலு மணிக்கே இருட்டத் தொடங்கும், கை விளக்கு அவசியம். 1914 முதல் இடம் நேஷனல் டிரஸ்ட் என்ற பாதுகாப்பு அமைப்பின் வசம் இருப்பதால் பாதைகள் நன்றாகவே இருக்கின்றன. கவிதையைப் புத்தகமாகக் கொண்டுபோகாதீர்கள். மனப்பாடமாக எவ்வளவு தெரியுமோ அவ்வளவு போதும். குளிரில் பக்கம் புரட்ட விரல் வராது என்பதற்காக மட்டும் சொல்லவில்லை, கண் மரங்கள் மேல் இருக்கட்டும் என்பதற்காகச் சொல்கிறேன். அங்கிருந்துதான் பெய்லிக்கு அவர் எழுதினார்: சன்னலுக்கு முன் ஒரு சிட்டுக்குருவி வந்தால், அதன் வாழ்வில் நானும் பங்கெடுத்து, அதோடு சேர்ந்து சரளைக் கல்லைக் கொத்துகிறேன் என்று.

அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் லண்டன் பிரிட்ஜ் நிலையத்தில் இறங்கி கைஸ் மருத்துவமனை வளாகத்துக்குள் போகலாம். பழைய லண்டன் பாலத்திலிருந்து மிஞ்சிய ஒரு கல் மாடத்துக்குள் கீட்ஸ் சிலையாக உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் நாம் உட்கார இடம் இருக்கிறது. மருத்துவமனைச் சீருடையில் மதிய உணவுக்கு வந்து அங்கே உட்காருபவர்களைப் பார்க்கும்போதெல்லாம், அவருக்குச் சரியான துணை இவர்கள்தான் என்று நினைப்பேன்.

அக்கா மகள் தேர்வு எழுதி முடித்துவிட்டாள். “மிச்சத்தையும் படிக்கணும் சித்தி, ஆனா நாலாயிரம் வரியைப் பார்த்தா பயமா இருக்கு” என்றாள். கீட்ஸே அதற்கு வழி சொல்லியிருக்கிறார்: கவிதைப் பிரியர்களுக்குச் சுற்றித் திரிய ஒரு சின்னப் பிரதேசம் வேண்டும், அதில் அவர்கள் தமக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம் என்று நீண்ட கவிதைகளைப் பற்றி எழுதியிருக்கிறார். வரிசையாகப் படிக்க வேண்டிய அவசியமில்லை. முதல் பாகத்தில் மேய்ப்பர்கள் காட்டுத் தெய்வமான பான் முன்னால் பாடும் துதி ஒரு நல்ல வாசல். காடும் மேய்ச்சலும் விளைச்சலும் மணக்கும் பகுதி. எண்டிமியன் பூமிக்கடியிலும் கடலடியிலும் அலையும் நடுப் பாகங்களில் கதை பின்னிப் பிணைந்து கிடக்கும். எனக்கும் அங்கே சில இடங்களில் கால் தடுக்குகிறது, அவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நேரே நான்காம் பாகத்துக்குப் போய், காட்டில் தனியாக அழுதுகொண்டிருக்கும் இந்தியப் பெண் துயரத்தைப் பார்த்துப் பாடும் பாட்டைப் படிக்கச் சொன்னேன். துயரமே, உனக்கு விடைகொடுத்துவிட்டு வெகுதூரம் போய்விட நினைத்தேன், நீயோ என்னை விடாமல் அன்பு காட்டுகிறாய் என்று அவள் பாடுகிறாள். அந்தப் பெண் உண்மையில் யார் என்பது பாகத்தின் கடைசியில்தான் தெரியும், நான் சொல்லவில்லை. போன ஞாயிறு வரை அக்கா மகள் அந்தப் பாட்டில் பாதி வந்திருந்தாள், மாடிப்படியில் சொல்லிப் பார்த்துக்கொண்டு.